சிலம்பாயி விட்டுப்போன சாட்சி

2058-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் காகிதத்தை நம்புகிற ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை. பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு எதைக் கேட்டாலும், அசலைவிட அசலாக இன்னொன்றை அரை நிமிஷத்தில் கணினி அச்சடித்துக் கொடுத்துவிடும். ஒரே ஏரிக்கு நானூறு உரிமையாளர்கள் வந்து நின்றார்கள். நானூறு பேர் கையிலும் நூறு வருஷப் பழைய பத்திரம், கரையான் அரித்த ஓட்டை உட்பட. சலித்துப்போன அரசாங்கம், பொய் சொல்லவே தெரியாத ஒரு சாட்சியைத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது. மலம்.

சிரிக்க வேண்டாம். மசோதாவை வாசித்த அமைச்சரே சிரிக்கவில்லை. 'மண்சாட்சிச் சட்டம்' என்று கௌரவமாகப் பெயர் வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்கென்று ஓர் அலுவலகம், அலுவலகத்துக்கென்று ஒரு ஜீப், ஜீப்புக்குள் சூட்கேஸ் அளவில் ஒரு கருவி. அதை ஊழியர்கள் மூக்கன் என்று கூப்பிட்டார்கள். மூக்கனைச் சுமந்துகொண்டு கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில் கருநீர்ப்பட்டிக்கு வந்து இறங்கியவர்தான் சிகாமணி.

ஐம்பத்து நான்கு வயது. நிலக்கரிச் சுரங்கத்தின் ஆய்வகத்தில் இருபது வருஷம் உட்கார்ந்து, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் மக்கிய மரங்களை மோந்து பார்த்தவர். மரத்திலிருந்து மனிதக் குடலுக்கு வந்ததை அவர் பதவி உயர்வு என்றே வீட்டில் சொல்லியிருந்தார்.

கருநீர்ப்பட்டியில் மொத்தம் முப்பத்தொரு வீடு. ஊருக்குக் கிழக்கே கரும்பள்ளம் என்கிற சதுப்பு விரிந்து கிடந்தது. பச்சைப் புல், நடுநடுவே கறுத்த நீர், அதற்கு மேலே மேகம். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத இடம். ஆனால் முப்பத்தொரு வீட்டிலும் கிழக்குப் பக்கம் வாசலோ ஜன்னலோ கிடையாது. எல்லா வாசலும் மேற்கே மொட்டைப் பாறையைப் பார்த்து இருந்தது. இப்படி ஓர் இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீடு கட்ட என்ன கோபமோ என்று சிகாமணி நினைத்தார். நினைத்ததோடு விட்டுவிட்டார். அவருடைய வேலை சதுப்பில்தான்.

கிழக்குக் கடைசியில், சேறு ஆழமாகத் தெரிந்த இடத்தில் எஃகுக் குழாயை இறக்கினார். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. கேள்வி கேட்டவள் வார்டு மெம்பர் பெருமாயி. நாற்பத்தைந்து வயது. கேரட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசிப் பழகியவள்.

"சார், நெசமாவே கேக்குறேன். இந்தச் சேத்துல எங்க பேரு எழுதியிருக்குமா?"

"பேரு இருக்காது. நீங்க இருப்பீங்க. நாம சாப்புடுற கொழுப்பு, பருப்பு, கீரை எல்லாத்துலயும் ஸ்டெரால்னு ஒரு பொருள் இருக்கும்மா. அது குடலுக்குள்ள போனா அங்க இருக்குற கிருமி அதை வேற ஒண்ணா மாத்திரும். மாடு மாத்துறது ஒரு தினுசு, மனுஷன் மாத்துறது ஒரு தினுசு. வெளிய வந்து வயல்ல கெடந்தா காத்துபட்டு அழிஞ்சிரும். இந்த மாதிரிக் கரிச்சேத்துல காத்து போகாது. அப்படியே கெடக்கும்."

"எத்தன வருஷம்?"

"நான் சுரங்கத்துல பாத்ததுக்கு அஞ்சு கோடி வருஷம். அந்தப் பொருளோட கைகால் எல்லாம் உதுந்து போகும். நாலு வளையம் கோத்த மாதிரி ஒரு எலும்புக்கூடு மட்டும் நிக்கும். கரியா ஆனாலும் நிக்கும்."

"அடேயப்பா! எங்க வீட்டுக்காரரு அஞ்சு கோடி வருஷம் நிப்பாரா?" என்றாள் பெருமாயி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"நெனச்சுப் பாருங்க, குடல் கிருமி தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போறது. அதனால தாய்வழிக்கு ஒரு தடம். ஒவ்வொரு தடத்தையும் மூக்கன் தனித்தனியாப் பிரிச்சுச் சொல்லிருவான். ஒரு முழ ஆழத்துக்குள்ள நூத்தி இருபது வருஷம், வருஷத்துக்கு ஒரு அடுக்கா படிஞ்சிருக்கு. 1983-க்கு முந்துன அடுக்குல முப்பதுலயாவது ஊர்க்காரங்க தடம் இருந்தா, இந்த மண்ணு உங்களோடது."

"இல்லாட்டி?"

சிகாமணி தெற்குக் கரையைப் பார்த்தார். அங்கே வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று இருந்தது. கணினிகளைக் குளிரில் அடுக்கி வைக்கும் கம்பெனி ஒன்று அதை வாங்கியிருந்தது. பள்ளம் முழுவதும் தனக்குத்தான் என்று மனுப் போட்டிருந்தது. பங்களாவின் கக்கூஸ் குழாய் நூற்றைம்பது வருஷமாகச் சதுப்புக்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் எடுத்த மாதிரியை மோந்த மூக்கனுக்கு மூச்சே முட்டிவிட்டதாக அலுவலகத்தில் பேச்சு. அவ்வளவு பலமான ஆதாரம்.

"இல்லாட்டி நீங்க எல்லாரும் கீழ எறங்கணும்" என்றார்.

*

முடிவு மறுநாள் மத்தியானம் வந்தது. நூற்றிருபது வருஷத்துக்குமான வரைபடத்தில் மனிதத் தடம் சுத்தமாக இல்லை. நரி இருந்தது, மிளா இருந்தது. ஆள் இல்லை.

பெரியதனம் வீரணன் வீட்டு முற்றத்தில் வைத்துச் சிகாமணி அதைச் சொன்னார். வீரணனுக்கு எழுபத்தெட்டு வயது. பரம்பரையாக ஊர்த்தலைமை அந்த வீட்டில்தான். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஆமா. எப்படி இருக்கும்?" என்றார் வீரணன், காலையில் சூரியன் கிழக்கே உதித்ததா என்று யாரோ தன்னிடம் கேட்டதைப் போல. "பள்ளத்துல இருந்துதான குடிக்கிறோம். அதுல போவமா?"

"பின்ன எங்க போவீங்க?"

வீரணன் கதவு மூலையில் சாத்தியிருந்த சின்னக் கொத்தைக் காட்டினார். "மேக்க அந்தப் பாறைமேட்டைத் தாண்டி. குழி வெட்டி மூடிட்டு வரணும். மழையோ பனியோ, அம்பது வயசோ அஞ்சு வயசோ. இங்க பொறந்த பிள்ளைக்கு மொதல்ல கையில குடுக்குறது கொத்து. அதுக்கு அப்பறந்தான் சிலேட்டு."

"எருமை?"

"எருமையையும் பள்ளத்துல விட மாட்டோம். தொட்டியில மோந்து ஊத்துவோம்."

சிகாமணி தன் மேலதிகாரி லோகநாயகிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். இருநூறு வருஷமாக ஊர் அங்கேதான் இருக்கிறது, சுத்தமாக இருந்ததால் தடம் இல்லை என்றார்.

"சிகாமணி, படிவத்துல சுத்தத்துக்குன்னு ஒரு கட்டம் இல்லை. தடம் இல்லைன்னா ஆள் இல்லை. அப்படித்தான் எழுதணும்."

"மேடம், அசிங்கம் பண்ணவனுக்கு நிலம், அசிங்கம் பண்ணாதவனுக்கு ஊரைக் காலிபண்ற லாரியா?"

"உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு" என்றார் லோகநாயகி மிகவும் அன்பாக.

*

அறிக்கையை எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எந்தச் சுத்தமான மண்ணிலும் லேசாக ஓர் இரைச்சல் இருக்கும், நடுங்குகிற கோடு. இந்த வரைபடத்தில் 1951-லிருந்து 1989 வரைக்கும் கோடு நடுங்கவே இல்லை. இஸ்திரி போட்ட மாதிரி படுத்திருந்தது. யாரோ துடைத்துவிட்ட இடம் மாதிரி.

துடைத்தது யார் என்று பார்த்தார். துடைத்தது அவர்தான்.

இந்தத் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. வேலைக்குச் சேரும் அன்றைக்கு ஒவ்வொருவரும் தன்னுடைய மாதிரியை ஒரு டப்பாவில் கொடுக்க வேண்டும். கையிலிருந்தோ மூச்சிலிருந்தோ ஆய்வாளரின் தடம் சேற்றில் ஒட்டிக்கொண்டால் மூக்கன் அதை அடையாளம் கண்டு நீக்கிவிடுவான். 'நீக்கியவை' என்கிற பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சிகாமணி இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் திறந்தார்.

நீக்கியவை: ஆய்வாளர் தடம். முப்பத்தொன்பது அடுக்கு.

மேலடுக்கில் இருந்தால் கை பட்டது என்று சொல்லலாம். குழாய்க்குள் முத்திரை வைத்து மூடிய சேற்றின் நடுவே, ஒரு முழ ஆழத்தில், வருஷம் தவறாமல் முப்பத்தொன்பது வருஷம் எப்படிக் கை படும்? அவர் பிறந்ததே 2004-இல்தான். இரட்டைக் கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினார். அதே முப்பத்தொன்பது.

பெருமாயியைத் தேடிப் போனார். அவள் கேரட் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கிழக்குக் கடைசியில யாராவது குடியிருந்தாங்களா? 1951 வாக்குல?"

பெருமாயியின் கை நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தாள். "அந்தப் பேச்ச யாரு சொன்னா உங்களுக்கு?"

"சேறு சொன்னது."

அவள் கேரட்டை வாளியில் போட்டுவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். சிலம்பாயி என்று ஒருத்தி. ஐப்பசி அடைமழையில் பிள்ளை பெற்ற ஆறாம் நாள், வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்கவே தெம்பில்லை. பாறைமேடு ஏற முடியாமல் பள்ளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதைய பெரியதனம், வீரணனுடைய தாத்தா, கூட்டம் போட்டு விசாரித்தார். மழை எல்லாருக்கும்தானே பெய்தது என்றார். கைக்குழந்தையோடு ஊரை விட்டுத் தள்ளினார்கள். புருஷன் ஊரோடு நின்றுகொண்டான்.

"போனாளா அவ? போகல. கெழக்குக் கடைசியில குடிசை போட்டா. மறுநாள் விடிய, ஊரு எந்திரிக்கிற நேரம் பாத்து, பள்ளத்துல எறங்கி ஊரப் பாத்து உக்காந்தா. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. சாகுற வரைக்கும். ஒரு நாளு தப்பல. காச்சல்லயும் வந்து உக்காருவாளாம்."

"ஊர் என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணும்? அடிக்கப் போனா சிரிப்பாளாம். அதான் எல்லாரும் வாசலை மேக்க திருப்பி வச்சிட்டாக."

சிகாமணி மொட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முப்பத்தொரு வாசலையும் ஒருமுறை பார்த்தார்.

"அந்தக் கைக்குழந்தை?"

"அது பெருசானதும் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கிட்டு வத்தலக்குண்டுப் பக்கம் போயிருச்சு."

சிகாமணியின் அம்மாவைப் பெற்றவள் வத்தலக்குண்டுக்காரி. மலையில் பிறந்தவள் என்று மட்டும் தெரியும். எந்த ஊர் என்று கேட்டால் வெற்றிலையை மென்றபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

*

இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. பேசாமல் இருந்தாலே போதும் என்பதுதான் அவரைப் படுத்தியது. வரைபடம் வெறுமையாக இருக்கிறது. அப்படியே கையெழுத்துப் போட்டால் ஊர் லாரியில் ஏறும். பிள்ளை பெற்று ஆறு நாளே ஆனவளை மழையில் இறக்கிவிட்ட ஊர், ஏறினால் என்ன? கிழக்குக் கடைசியில் போய் நின்றார். குடிசை இருந்ததற்கு அடையாளமாக மூன்று அடுப்புக்கல் புல்லுக்குள் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் வீடுகளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முப்பத்தொன்பது வருஷம் அவள் இந்த முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிரித்தாளாம். அதை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் லோகநாயகிக்கு எல்லாவற்றையும் சொன்னார். தலைமையகத்தில் பத்திரப்படுத்தியிருந்த பாதி மாதிரியை வேறோர் ஆய்வாளர் ஓட்டிப் பார்த்தார். முப்பத்தொன்பது அடுக்கும் பளிச்சென்று வந்தது. 1983-க்கு முந்தியதே முப்பத்திரண்டு.

"சட்டம் கேக்குறது முப்பதுதான்" என்றார் லோகநாயகி. "ஆனா தடம் ஒரே ஒரு ஆளோடது. அவங்க ஊரைவிட்டுத் தள்ளுனவங்க. அதனால ரெண்டு வழி. ஒண்ணு, அவங்க தனி ஆள். அப்போ பள்ளம் மொத்தமும் அவங்க வாரிசுக்கு. அதாவது உங்களுக்கு, சிகாமணி."

"இன்னொண்ணு?"

"அவங்க எங்க ஊர்ப் பொண்ணுதான்னு முப்பத்தொரு வீடும் கையெழுத்துப் போட்டா, அவங்க தடம் ஊரோட தடம். ஊருக்கே நிலம். ஆனா அதுக்கு முன்னாடி வாரிசு நீங்க விட்டுக் குடுக்கணும். கம்பெனிக்காரங்க உங்க நம்பர் கேட்டாங்க. நான் குடுக்கலை. இன்னும் குடுக்கலை."

சிகாமணிக்குச் சொந்த வீடு இல்லை. நாற்பது ஏக்கர் மேகம் கையில் வந்து விழுந்தால் என்ன செய்வது என்று அரைமணி நேரம் யோசித்தார். பிறகு விட்டுக்கொடுக்கும் படிவத்தை நிரப்பினார். ஏன் என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. அவள் இங்கே இருக்கத்தான் முப்பத்தொன்பது வருஷம் அடம்பிடித்தாள். இந்த ஊர் இல்லாமல் போனால் அவள் எதைப் பார்த்து உட்கார்ந்தாள் என்பதே இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

*

ஊர்க்கூட்டத்தில் விஷயத்தைக் கேட்டதும் முதலில் வாயைத் திறந்தவள் பெருமாயி.

"அப்ப நீங்க சிலம்பாயி பேத்தி மகனா? கணக்குப் போட்டா எனக்கு மாமன் முறை வருது. இத்தன நாளும் சாரு சாருன்னு கூப்புட்டுக் கெட்டேனே!"

"கையெழுத்துதான வேணும்? போட்டுருவோம்" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"எப்படிப் போடுவ?" என்றார் வீரணன். "தள்ளுனவ ஊர்க்காரி இல்ல. ஊர்க்காரின்னு எழுதுனா பொய். முதல்ல சேக்கணும். சேத்தாத்தான் கையெழுத்து."

எப்படிச் சேர்ப்பது என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் சிகாமணி ஒருவர்தான். பெருமாயி அவருக்கு விளக்கினாள்.

"தள்ளுன ஆளைச் சேக்கணும்னா, அவங்க செஞ்ச குத்தத்த ஊரே செய்யணும் மாமா. வீட்டுக்கு ஒரு ஆளு. அப்பத்தான் அது ஊர்க்குத்தம் ஆகும். ஊரை யாரு தள்ள முடியும்? எங்க அப்பா காலத்துல ஒருத்தரு பெரியதனத்தைக் கன்னத்துல அறைஞ்சிட்டாரு. தள்ளி வச்சு, ஆறு மாசங் கழிச்சு மனசு கேக்காம சேத்தாக. அன்னைக்கி வீட்டுக்கு ஒரு அறை. வாங்குனது அப்பப் பெரியதனமா இருந்த இவரு அப்பா. முப்பது அறைக்கும் சிரிச்ச முகமா உக்காந்திருந்தாராம்."

வீரணன் கன்னத்தைத் தடவிக்கொண்டார், ஏதோ தனக்கே விழுந்ததுபோல.

"மேடம்கிட்ட முன்னாடியே கேட்டேன்" என்றார் சிகாமணி. "சும்மா கையெழுத்துப் போட்டா போதும்னு சொல்றாங்க. யாரும் வந்து பாக்க மாட்டாங்க."

"பள்ளம் பாக்குமே" என்றாள் பெருமாயி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் என்று தீர்மானமாயிற்று. மூன்று மழைக்காலம் கழியும்வரைக்கும் பள்ளத்து நீரைத் தொடுவதில்லை, லாரித் தண்ணீர்தான் என்றும் முடிவானது. எல்லாரும் எழுந்தபோது வீரணன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"நான் வரல."

"பெரியப்பா!" என்றாள் பெருமாயி. "உங்க வீடு வராட்டி ஊரு எப்படி நிக்கும்?"

"எங்க தாத்தா தப்பாத் தள்ளிட்டாரு. ஒத்துக்கிறேன். பச்ச ஒடம்புக்காரிய மழையில நிறுத்துனது பாவம். அதுக்கு என்னைய அடிங்க, முப்பது வீடும் அறைங்க, வாங்கிக்கிறேன். ஆனா பள்ளம் என்ன செஞ்சது?"

வீரணன் கொத்தை எடுத்துக்கொண்டார்.

"என் வீட்ட ஊருல இருந்து எடுத்துருங்க. மிச்சம் முப்பது வீடும் ஊருதான். எடுக்கச் சொல்றது பெரியதனம். இதுதான் என் கடைசித் தீர்ப்பு."

*

வெள்ளிக்கிழமை மேகம் இறங்கிப் பள்ளத்தை மூடியிருந்தது. அது ஒன்றுதான் அந்தக் காலையின் கருணை. முப்பது பேர் வரிசையாக இறங்கினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எண்பது வயதுக் கிழவர் ஒருவர் அழுதுகொண்டே போனார். மற்ற நாளில் மற்ற ஊரில் உலகத்திலேயே சுலபமான அந்தக் காரியம் அன்று பலருக்கு வரவே இல்லை, மத்தியானம்வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

சிகாமணியும் வேட்டியை மடித்துக் கட்டினார். பெருமாயி மறித்தாள்.

"நீங்க எதுக்கு மாமா? உங்க பங்கை உங்க பூட்டி முப்பத்தொம்பது வருஷம் செஞ்சு முடிச்சிட்டா."

அவர் பின்வாங்கிக் கரையில் நின்றார். மேகத்துக்குள் முப்பது உருவங்கள் குந்தியிருந்தன. எல்லாம் ஊரைப் பார்த்தபடி.

கம்பெனியின் மனு தள்ளுபடியானது. அதற்குத் தெற்குக் கரையும் பங்களாவும் மட்டும். முப்பது வீட்டுக்கும் உரிமைச் சீட்டு வந்தது. இரண்டு மாதம் கழித்துச் சீட்டுகளைக் கொடுக்கப் போன சிகாமணி, நாலைந்து வீட்டில் கிழக்குச் சுவரை உடைத்துப் புதிதாக வாசல் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வாசலில் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் காத்திருந்தன.

கையில் கடைசியாக ஒரு படிவம் மிச்சம். அதைக் கொடுக்கப் பாறைமேட்டைத் தாண்டி நடந்தார். ஊர் எல்லைக்கு வெளியே, தகரக் கொட்டகைக்கு முன்னால், வீரணன் பூண்டுப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அதே கொத்து.

"வாங்க தம்பி. இடம் பரவால்ல. இருநூறு வருஷ உரம். பூண்டு எப்படி வந்திருக்கு பாருங்க."

சிகாமணி படிவத்தை நீட்டினார். சட்டப்படி, உரிமை கிடைக்காதவர்களுக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

"வாசிங்க. கண்ணாடி இல்ல."

"வீரணன், தகப்பனார் பெயர் கொடைக்காமன். மேற்படியாரோ அவருடைய முன்னோரோ கரும்பள்ளத்தில் எக்காலத்திலும் இருந்ததற்கான தடம் எதுவும் இல்லை."

"எங்க அப்பாவும் இல்லையா?"

"இல்லைங்கய்யா."

"தாத்தா?"

"அவரும் இல்ல. எவ்வளவு ஆழம் போனாலும் இல்ல."

வீரணன் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் படிவத்தை வாங்கினார். எழுத்து தெரியாத தூரத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அரசாங்க முத்திரை இதுதான?"

"ஆமாங்கய்யா."

"கீழ போறப்ப கண்ணாடி போட்டு ஒரு பிரேம் வாங்கிட்டு வாங்க தம்பி" என்றார். "மாட்டி வைக்கணும்."